மேலே என்ன கூரை

செருப்பைக் கழற்ற வேண்டாம் மேடம் என்று வாசலில் நின்ற கடைப் பெண் சொல்வதற்குள் ஞானசௌந்தரி கழற்றிவிட்டிருந்தாள். மறுபடி மாட்டினாலும் அசிங்கம், மாட்டாவிட்டாலும் அசிங்கம். வெறுங்காலோடே உள்ளே போனாள். தரை ஜில்லென்று காலில் ஏறியது. மூங்கில் தரை மேடம், தேக்கை விட உறுதி என்றாள் அந்தப் பெண். மூங்கில் என்றதும் அவளுக்குப் பாடைதான் நினைவுக்கு வந்தது. சீச்சீ, வந்த காரியம் என்ன, போகிற நினைப்பு என்ன. கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டதும் பைபாஸ் சாலையின் லாரி இரைச்சல் பாதியாகக் குறைந்தது. வீட்டில் இந்நேரம் அவள் கணவர் இன்னாசிமுத்து கட்டிலில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருப்பார், மூக்கில் குழாய், குழாயின் மறுமுனை ஆக்சிஜன் மிஷினில், மிஷினின் வயர் சுவரில். அந்தச் சுவருக்குள் கரண்டு ஓடுகிற வரைக்கும்தான் எல்லாம். நான் இப்ப கரண்டுல ஓடுற ஆளு, மிக்ஸி மாதிரி என்று அவரே பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கப் பார்ப்பார், சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும், வந்தவர்கள் தரையைப் பார்ப்பார்கள். வருகிற வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்தடை என்று பேப்பரில் போட்டாயிற்று. இன்வெர்ட்டர் மத்தியானம் வரைக்கும் தாங்கும். போன மாதம் அது கீ கீ என்று கத்த ஆரம்பித்து, ஆக்சிஜன் சிலிண்டர்காரன் இதோ வந்துட்டேன்க்கா, பாலத்துக்கிட்ட நிக்கிறேன்க்கா என்று சொல்லிக்கொண்டே இருந்து, அவன் வந்து சேர்வதற்குள் இவருடைய உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. இந்த மாதமும் அவனைத்தான் நம்பியாக வேண்டும். அடுத்த மாதத்துக்காவது ஒரு வழி செய்யம்மா, சோலார் போட்டுடு, பணத்தை நான் பாத்துக்கிறேன் என்று ஓசூரிலிருந்து மகள் பிரிசில்லா சொன்னாள். சோலாரும் வீடு கட்டுகிற சாமானும் விற்கிற இந்தக் கடையையும் அவள்தான் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். கொழுந்தன் அருளப்பனை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அவன் ஒரு ஆள். போனுக்குச் சார்ஜ் போடுகிறேன் என்று மிஷின் பிளக்கைப் பிடுங்கினாலும் பிடுங்குவான். அந்தப் பிளக்கைத் தொடாதீங்க என்று வாசலில் நின்று சொன்னாள், தெருமுனைக்குப் போனதும் திரும்பி வந்து இன்னொரு தரம் சொன்னாள். நான் என்ன சின்னப் பிள்ளையா அண்ணி என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிளக்கைத் தொடாதே என்று சொன்னதுதான் தப்போ. சொல்லாமல் இருந்தால் அவனுக்குத் தோன்றியே இருக்காது.

அந்தப் பெண்ணின் சட்டையில் மோனிஷா என்று பெயர் குத்தியிருந்தது. பிரிசில்லாவை விட வயது குறைவாகத்தான் இருக்கும், கன்னத்தில் பரு. கையில் சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவள் கேள்வி கேட்க, சௌந்தரி சொல்லிக்கொண்டே வந்தாள். வீடு அரியமங்கலம் பக்கம், சொந்த வீடுதான், வீட்டில் இரண்டே பேர், ஆக்சிஜன் மிஷின் ராத்திரி பகல் ஓட வேண்டும். மிஷின் என்றதும் மோனிஷாவின் முகம் கொஞ்சம் மாறியது, குரலைத் தணித்துக்கொண்டாள், பேட்டரியோடு சேர்த்துப் போட்டால் பகல் முழுக்க ஓடும் என்றாள், இந்த வியாழனுக்கு ஆகாது, ஆள் வந்து வீட்டைப் பார்த்து எல்லாம் முடிய மூன்று வாரம் ஆகும் என்றாள். அடுத்த மாதத்துக்குள் வந்துவிடும். இவ்வளவு சுலபமா என்று சௌந்தரிக்குச் சந்தேகமாக இருந்தது. "மேலே என்ன கூரை மேடம்?" என்று மோனிஷா நிமிராமலே கேட்டாள். "காங்கிரீட்டுதான்." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. எத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய். பிரிசில்லாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபோது, அடுத்த வருஷம் காங்கிரீட் போட்டுவிடுவோம் என்றாள். பேரன் பிறந்து சம்பந்தி அம்மாள் வந்து புழுங்குகிறதே என்று முந்தானையால் விசிறிக்கொண்டபோதும் அதையே சொன்னாள். பிறகு தெரியாதவர்களிடம் போட்டாயிற்று என்றே சொல்ல ஆரம்பித்தாள், ரேஷன் வரிசையில், கோயிலில், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளிடம். மோனிஷா திரையைத் தொட்டுக் குறித்துக்கொண்டாள். சரி மேடம், அப்ப பிரச்சினையே இல்லை. பார்க்க வருகிறவன் ஏணியைச் சாத்தி ஏறுவானே, அப்போது என்ன சொல்வது, ஏறாமலே தெருவிலிருந்து பார்த்தாலே தெரியுமே. இப்போதே சொல்லிவிடலாம். சொல்லலாம்தான். மோனிஷா அதற்குள் வாங்க, சுத்திக் காட்டுறேன் என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

சுட்டெடுக்காத மண் கல், சாம்பலில் செய்த கல், சுண்ணாம்பும் கடுக்காயும் போட்ட பூச்சு, வெயிலை உள்ளே விடாத வெள்ளை ஓடு. ஒவ்வொன்றின் துண்டையும் ஒரு பலகையில் நட்டு வைத்து, மேலே தனித்தனியாக விளக்குப் போட்டிருந்தார்கள், நகைக்கடை மாதிரி. தொட்டுப் பாருங்க மேடம் என்றாள் மோனிஷா, சௌந்தரி தொட்டாள், விரலில் எதுவும் ஒட்டவில்லை. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், ஒட்டாததையும் துடைக்கிற பழக்கம். இவர் வேலை விட்டு வரும்போது இமை முடியெல்லாம் வெள்ளையாக இருக்கும். மாவு மில்லுக்காரன் வந்துட்டான் என்று தெருவில் பையன்கள் கத்துவார்கள், இவர் அவர்கள் மேல் ஊதுகிற மாதிரி பாவனை செய்வார், அதுகள் ஓடும். அந்தத் தெரு முழுக்க சீட்டுக் கம்பெனி ஆட்கள். கல்நாரும் சிமெண்டும் கலந்து நெளி நெளியாகக் கூரைச் சீட்டு செய்கிற கம்பெனி, இப்போது இல்லை, மூடிப் பூட்டுப் போட்டு உள்ளே கருவேலம் முளைத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் எல்லா வீட்டுப் பெண்களும் துவைகல்லில் யூனிபாரத்தை உதறுவார்கள், ஓங்கி உதறினால்தான் போகும், நனைத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்று மூத்தவள் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். அப்படியே மூக்குக்கு நேராக. நார் வந்த சாக்கை ஆளுக்கு ஒன்றிரண்டு கம்பெனியில் கொடுப்பார்கள், நல்ல கெட்டிச் சாக்கு, இவள் அதைத் துவைத்துத் தலையணை உறை தைத்தாள், கால்மிதி தைத்தாள், பிரிசில்லாவுக்குத் தொட்டில் கட்டினாள். தொட்டில். சரி, அதை விடு. வேறு எதையாவது பார். இது என்னம்மா என்று கேட்டாள். மழைத்தண்ணியை வடிகட்டுறது மேடம் என்றாள் மோனிஷா. சௌந்தரி தலையாட்டினாள். வீட்டுக் கூரையும் கம்பெனி கொடுத்ததுதான். விளிம்பு உடைந்த சீட்டைப் பாதி விலைக்குத் தந்தார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்து இவர் ரம்பத்தால் அறுக்க, மறுமுனையை இவள் பிடித்துக்கொண்டாள், வயிற்றில் பிரிசில்லா. தூசி பறக்குது, முக்காடு போட்டுக்க என்றார் இவர். முக்காடு போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவருக்குத்தான் எத்தனை பெருமை, நம்ம கையால செஞ்ச சீட்டு, நம்ம தலைக்கு மேல.

திரும்பின இடத்தில் அது இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, நான்கு விளிம்பிலும் ரப்பர் வைத்து ஒட்டி, மேலே சிவப்பு எழுத்தில் தொடாதீர்கள் என்று போட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு நெளிச் சீட்டுத் துண்டு. விளிம்பு உடைந்திருந்தது, உடைந்த இடத்தில் நரைமுடி மாதிரி நார் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு நுரையீரல் படம், ஒன்று ரோஸ் நிறம், ஒன்று கருத்துச் சுருங்கியது. மற்றதெல்லாம் தொட்டுப் பார்க்கலாம், இது மட்டும் பெட்டிக்குள். மோனிஷா மனப்பாடமாகச் சொன்னாள். இந்தச் சீட்டை உடைச்சா, அறுத்தா, துளை போட்டா கண்ணுக்குத் தெரியாத தூசி வரும் மேடம், நெஞ்சுக்குள்ள போனா முப்பது நாப்பது வருஷம் கழிச்சுக்கூட வேலையைக் காட்டும், அதான் அதுக்குப் பதிலா நம்மகிட்ட இந்தத் தென்னைநார் ஓடு. முப்பது நாற்பது வருஷம். சௌந்தரி பெட்டியையே பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாததில்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இவருடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்ன வேலை பாத்தீங்க என்றுதான் முதலில் கேட்டார், நுரையீரல் காய்ந்த கடற்பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்றார், பிறகு இவளைப் பார்த்து நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்குங்கம்மா என்றார். எனக்கென்ன டாக்டர், நான் கம்பெனி வாசல்படி கூட மிதிச்சதில்லை என்றாள். தெரியாததில்லை. ஆனால் தெரிந்த ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டுப் பார்த்ததில்லை. பாம்பை வைப்பது போல வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் பாய் விரித்துப் படுத்து எழுந்த காலமெல்லாம், மழை பெய்தால் அது போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஆஹா என்று போர்த்திக்கொண்டு.

போர்த்திக்கொண்டு என்றதும் பனி நினைவுக்கு வந்துவிட்டது. வரக்கூடாது என்று எதை நினைத்தாளோ அது. கிறிஸ்துமஸுக்குப் பங்குக் கோயிலைச் சேர்ந்த எல்லாத் தெருவிலும் இயேசு பிறந்த குடில் கட்டுவார்கள், எந்தக் குடில் அழகு என்று பரிசு. மற்ற தெருக்காரர்கள் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று போடுவார்கள், அது பஞ்சு மாதிரியே இருக்கும். சீட்டுக் கம்பெனித் தெரு மட்டும் சாக்கின் அடியில் தங்கிய நாரை எடுத்து வந்து தூவும். வெள்ளை வெளேரென்று, பூ மாதிரி, ஊதினால் மெல்ல எழும்பி மெல்ல இறங்கும். மாட்டின் முதுகில் பனி, இடையன் தோளில் பனி, மாதாவின் நீல முக்காட்டில் பனி. சாமியார் வந்து பார்த்து நிஜப் பனி தோத்துச்சு போங்க என்றார். அந்தத் தெருவில் நிஜப் பனியை யார் கண்டார்கள், சாமியாரும் கண்டிருக்க மாட்டார். வருஷா வருஷம் பரிசு அவர்களுக்குத்தான், ஒரு எவர்சில்வர் குடம் இன்னும் இருக்கிறது. குழந்தைகளுக்குத்தான் பனி வேலை. பிரிசில்லா முழங்கால் போட்டு உட்கார்ந்து கன்னத்தை உப்பவைத்து ஊதுவாள், பனி கிளம்பி அவள் முடியிலும் புருவத்திலும் விழும், அம்மா பாரேன், எனக்கும் பனி என்பாள். நாக்கை நீட்டி ஒன்றைப் பிடிப்பாள். இவளும் சிரித்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்சம் அந்த மூலையில ஊது, அங்க காலியா இருக்கு பாரு என்று சொன்னாள். சொன்னாளா? சொல்லியிருப்பாள். சொல்லாமல் எப்படி இருந்திருப்பாள், மூலை காலியாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காதே. முப்பது நாற்பது வருஷம் என்கிறாளே இந்தப் பெண். பிரிசில்லாவுக்கு இப்போது முப்பத்திரண்டு நடக்கிறது. கொஞ்ச நாளாகப் போனில் பேசும்போது அவள் நடுநடுவே இருமுகிறாள். ஓசூர் குளிர், ஏசி ஆபீஸ், அதுதான். அம்மா, ஒரு நிமிஷம் என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமுகிறாள், தள்ளிப் பிடித்தாலும் கேட்கிறது. என்னடி இருமல் என்று இவள் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. அடுப்பில பால் வச்சிருக்கேன் என்று வைத்துவிடுகிறாள்.

"மேடம், கரண்ட் போய் கால் மணி நேரம் ஆச்சு, உங்களுக்குத் தெரிஞ்சுதா?" மோனிஷா சிரித்தாள். எல்லோரிடமும் கடைசியில் எடுத்து வீசுகிற துருப்புச்சீட்டு போலிருக்கிறது இது. சௌந்தரி அண்ணாந்து பார்த்தாள். விளக்கெல்லாம் எரிந்தது, ஏசி ஓடியது. ரோடு முழுக்கப் போயிடுச்சு, நமக்கு மட்டும் எல்லாம் மாடியில இருக்கிற சோலார்ல ஓடுது என்றாள் மோனிஷா. கரண்டு போய்விட்டது. கால் மணி நேரம். சௌந்தரியின் கை பைக்குள் போனைத் தேடியது, ஜபமாலை வந்தது, சில்லறை வந்தது, போன் வந்தது. அருளப்பனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்வெர்ட்டர் பழையது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினோமா, போன வாரமா, அதற்கு முந்தின வாரமா. எடுக்கவில்லை. எடுக்காத அந்த மணிக்கு நடுவில், முடிந்தது என்று ஒரு எண்ணம் வந்தது, வந்ததும் அவளுடைய இரண்டு தோளும் தன்னால் இறங்கின, தண்ணிக் குடத்தை இறக்கி வைத்த மாதிரி. அதை அவள் கவனித்துவிட்டாள். கவனித்ததும் போனை வைத்திருந்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அருளப்பன் எடுத்தான். அண்ணி, பாத்ரூம்ல இருந்தேன், கரண்டா, இங்க இருக்கே, டிவி ஓடுதே, இந்தாங்க அண்ணன் பேசணுமாம். இன்னாசிமுத்து வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிப் பேசினார். "சௌந்தரி. வாங்கிட்டியா? அங்க. ஏசி இருக்கா?" இருக்கு என்றாள். "அப்ப. இருந்துட்டு. மெதுவா வா. எனக்கென்ன. மிக்ஸி ஓடிட்டுதான் இருக்கு." இவள் போனை வைத்தாள். தோளை மறுபடி தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியா இதை மட்டும் பாத்துடுங்க மேடம் என்று மோனிஷா அவளைச் சாலைப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போனாள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், நடுவில் காற்றை அடைத்தது, சூடும் வராது சத்தமும் வராது. கதவைச் சாத்தினாள். வெளியே லாரி போனது, சத்தமில்லாமல். ஒருவன் ஹாரனை அமுக்கினான், முகம் மட்டும் கோபமாக இருந்தது. அத்தனை இரைச்சலும் கத்தியால் அறுத்தது போல நின்றுவிட்டது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. மெல்லிசாக, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி, ஒரு இழுப்பு, பிறகு ஒரு விசில். நின்றது. மறுபடி இழுப்பு, விசில். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். வீட்டில் மிஷின் ஓடும்போது கேட்காது, அது டப்பென்று அடித்து உஸ்ஸென்று விட்டு எல்லாவற்றையும் மூடிவிடும். கரண்டு போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்கு முன்னால் ஒரு நொடி வருமே, அந்த நொடியில் மட்டும் கேட்கும். அவருடைய மூச்சுதான் என்று நினைத்துக்கொள்வாள். அவர் இங்கே இல்லை. மோனிஷா கொசுவைத் தேடுவது போல மூலையைப் பார்த்தாள், ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தாள், எங்கேயோ காற்று லீக் ஆகுது என்றுகூட வாய்க்குள் சொன்னாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். "ஆன்ட்டி, உங்களுக்கு வீசிங் இருக்கா?" மேடம் போய் ஆன்ட்டி வந்துவிட்டது. சௌந்தரி மூச்சை அடக்கிப் பார்த்தாள். அடக்கினதும் சத்தம் நின்றது. அதற்கு மேல் வேறு சாட்சி வேண்டாம். எவ்வளவு நேரம் அடக்குவது. விட்டாள், விசில் வந்தது.

"பாப்பா, எங்க வீட்டுக் கூரை காங்கிரீட்டு இல்லை." அந்த நிசப்தத்தில் தன் குரல் தனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "சீட்டு. அந்தப் பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்களே, அது." மோனிஷா கையிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள், எதையோ அழித்தாள். பிறகு, அந்தச் சீட்டு மேல எங்க ஆளுங்க ஏற மாட்டாங்க ஆன்ட்டி, பேனல் வெயிட்டைத் தாங்காது, துளை போடவும் கூடாது என்றாள். சீட்டைக் கழற்றிவிட்டு வேறு போட்டால் என்று சௌந்தரி கேட்டாள். கழற்றலாம், அதற்கென்று ஆள் வர வேண்டும், கழற்றுகிற தூசி வீடெல்லாம் இறங்கும், உள்ளே நோயாளியை வைத்துக்கொண்டு யாரும் செய்யமாட்டார்கள். அவரை வேறு எங்காவது கொஞ்ச நாள் என்று மோனிஷா இழுத்தாள். வேறு எங்கே. ஓசூரில் பிரிசில்லாவுக்கு இருப்பது மூன்றாவது மாடியில் இரண்டு ரூம், போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் இறங்கி ஆட்டோவில் ஏறுவதற்குள் அவர் கண் சொருகிவிட்டது. தரையில் நட்டு வைக்கலாமா என்றாள் மோனிஷா, கொல்லையில் இடம் இருக்கிறதா. கொல்லை என்று இருப்பது ஒரு துவைகல், ஒரு குடம் வைக்கிற மேடை, மீதி பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல். பேட்டரி மட்டும் கொடுக்க முடியுமா? அது தனியாகக் கொடுப்பதில்லை. கேட்க வேறு கேள்வி இருந்தால் கேட்டிருப்பாள். மோனிஷா, நான் சாரிடம் கேட்டுப் பார்த்துட்டுக் கூப்பிடுறேன் என்றாள். கூப்பிட மாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. கதவைத் திறந்ததும் சாலையின் இரைச்சல் உள்ளே வந்து அந்த விசிலை மூடியது. சௌந்தரிக்கு அது வெயிலில் நிழல் பட்ட மாதிரி இருந்தது.

வாசலில் ஒரு துணிப்பை கொடுத்தார்கள், வெறுங்கையோடு யாரையும் அனுப்பக் கூடாதாம். உள்ளே ஒரு காகிதப் பேனா, எழுதி முடித்ததும் மண்ணில் நட்டால் செடி வரும் என்றாள் மோனிஷா. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிய சௌந்தரி பையைத் தோளில் போடுவதற்கு முன்னால், நினைக்காமலே, இரண்டு முனையையும் பிடித்து ஓங்கி ஒரு உதறு உதறினாள். பேனா தெறித்துப் போய் ரோட்டோரம் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றாள். வீட்டுக்குப் போனதும் அவர் கேட்பார், என்ன சொன்னாங்க என்று. பாக்க வர்றாங்களாம் என்று சொல்ல வேண்டும். எப்ப என்று கேட்பார். வியாழன் கழிச்சு. வியாழன் கழிச்சு என்றால் அவர் மேலே சீட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவருக்குத் தெரியாமலா இருக்கும், அந்தச் சீட்டின் மேல் எது நிற்கும் எது நிற்காது என்று. தெரிந்துதான் போய்ட்டு வா என்று அனுப்பினாரோ. ஏசியில கொஞ்ச நேரம் இருந்துட்டு வரட்டும் என்று. சீ, அப்படியும் இருக்குமா. அவருக்குப் பிறகு அந்த மிஷின் சும்மா இருக்காது, கட்டில் மாற வேண்டாம், பிளக் மாற வேண்டாம், குழாயை மட்டும் மாற்றினால் போதும். அப்போது அருளப்பன் வந்து பக்கத்தில் உட்காருவானா. அதற்கப்புறம் யாருக்கு. அதற்கப்புறம் என்று அந்த நினைப்பு ஓசூர் பக்கம் திரும்பியது, அவள் அதை அங்கேயே பிடித்து நிறுத்தினாள், பஸ் வந்தது.

பஸ்ஸில் பின்னால் ஜன்னலோரம் இடம் இருந்தது. கண்டக்டர், பின்னாடி காலியா இருக்குல்ல, அங்க போய் உட்காரும்மா, இங்க சூடு தாங்காது என்று இரண்டு தரம் சொன்னான். அவள் கேட்காமல் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில், இன்ஜின் மூடிக்கு ஒட்டினாற்போல் இருந்த பலகையில் உட்கார்ந்தாள். காலுக்கடியில் அது உறுமியது, பல் ஆடியது, தன் மூச்சு தனக்குக் கேட்கவில்லை. பால் பண்ணை தாண்டும்போது போன் அடித்தது. பிரிசில்லா. அடித்து முடியட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், முடிகிற நேரத்தில் எடுத்துக் காதில் வைத்தாள். மகள் என்னவோ கேட்டாள், சோலார் என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. பிறகு பேச்சு நின்றது, போனைத் தள்ளிப் பிடித்திருப்பாள் போல. சௌந்தரி இன்னும் கொஞ்சம் இன்ஜின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "பஸ்ல வர்றேன்டி, ஒரே இரைச்சல், ஒண்ணும் கேக்கலை" என்று சத்தமாகச் சொன்னாள். டிரைவர் கியரை மாற்றினான், இன்ஜின் ஒருமுறை தணிந்தது. அது மறுபடி பிடிப்பதற்கு முன்னால் ஒரு நொடி வந்தது. அந்த ஒரு நொடியில் போனுக்குள் அந்த இருமல் அவளுக்குக் கேட்டது.